கலம், ஒன்றுக்கு ஐம்பது

பகலில் பல் செய்கிறேன்.
நாகை நீலா தெற்கு வீதியில், ஒரு மாடியில்,
யார் யாருடையதோ ஈறுகளின் வெள்ளை அச்சுகளுக்கு நடுவே.
ஐந்தரைக்கு மேல் அதே டிரில், அதே மெழுகுக் கத்தி.
மேசையில் மட்டும் கப்பல்.

தரங்கம்பாடி ஓட்டல்காரர் மெய்கண்டான் கேட்டது:
வரவேற்பறைக்கு ஒன்று. மூன்று பாய்மரம்,
கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு.
"பழைய கப்பலா இருக்கணும்,
ஆனா பார்த்தா சந்தோஷமா இருக்கணுங்க."
முன்பணம் பன்னிரண்டாயிரம்.

வரைபடம் ஜெகபர் கடையில் பதினெட்டுத் தாளாக வந்தது.
ஒட்டி விரித்ததில் கட்டில் மறைந்தது.
இரண்டு வாரம் தரையில் படுத்தேன்.

முதுகெலும்புக்குத் தேக்கு. விலாவுக்குப் பூவரசு,
வாய்க்கால் தூர்வாரியபோது வெட்டிப் போட்ட கிளை.
பலகை வளைக்க இட்லிப் பானை:
இருபது நிமிடம் ஆவி,
பிறகு பல்லுக்குக் கம்பி வளைப்பதுபோல
கொஞ்சம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
பதினொன்று உடைந்தன.
மறுநாள் ரெஜினா இட்லியைப் பிட்டு
"மர வாடை அடிக்குதுக்கா" என்றாள்.
நான்கு சாப்பிட்டாள்.

ஒன்றுக்கு ஐம்பது.
இந்தக் கணக்கில் நான்
மூன்று சென்டிமீட்டரும் ஒரு நூலும்.
நாகூர் பெரிய மனாரா என் இடுப்புக்கு எட்டாது.
வெட்டாறு ஒரு ஜமுக்காள அகலம்,
உதறி மடித்து வைத்துவிடலாம்.
இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன்
பதினாறாம் தாள் வரை.

பதினாறாம் தாளில் கீழ்த்தட்டு.
தரைக்கும் கூரைக்கும் இரண்டு புள்ளி நான்கு.
ஓரத்தில் சரக்குக் குறிப்பு, தெரியாத மொழி.
கைப்பேசியைக் காட்டினேன், வரி வரியாகத் தமிழாயிற்று.
துணிப் பொதி முந்நூறு.
அரிசி மூட்டை நானூறு.
ஆட்கள் இருநூற்றுப் பதினாறு.
மாலுமிகள் என்று நினைத்தேன்.
மாலுமிகள் அடுத்த வரியில் இருந்தார்கள்.

ஐந்து தீப்பெட்டி வாங்கினேன்.
ஒரு குச்சியை மூன்று சென்டிமீட்டரில் நறுக்கினேன்,
மருந்துத் தலையைக் கிள்ளவில்லை.
நிறுத்திப் பார்த்தேன்: மேல்தளம் மூடவில்லை.
சாய்த்தேன்: பக்கத்தில் இன்னொன்றுக்கு இடமில்லை.
நடுவில் மடக்கியபோதுதான்
கணக்கு வந்தது.
டிக்.
ராத்திரி முழுக்க, டிக், டிக்.
நடுவே கரண்ட் போனது.
மெழுகுவர்த்தி ஏற்றப் போய்
வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கம் கலம் என்றால் முதலில் நெல்.
மாவுக்கு எத்தனை கலம் கண்டது என்பார்கள்.
கப்பல் அப்புறம்தான்.
இவர்கள் ஏறிய வருஷம்
எத்தனை கலம் கண்டதோ,
தாளில் இல்லை.

மெய்கண்டானிடம் போனில் கேட்டேன்:
ஒரு பக்கம் பலகை அடிக்காமல் விடட்டுமா,
உள்ளே தெரிகிற மாதிரி?
சொன்னேன், என்ன தெரியும் என்று.
வெகுநேரம் பின்னால் பாத்திரச் சத்தம் மட்டும்.
"சாப்பிட வர்ற இடங்க," என்றார்.
அதிலும் தப்பில்லை.
பலகை அடித்தேன்.

மிச்சம் மேலே நடந்த வேலை.
கயிறுக்குப் பருத்தி நூல், டிகாக்‌ஷனில் தோய்த்தது;
ஐப்பசி ஈரத்தில் இறுகிப் பாய்மரத்தை வளைக்கும்,
மறுநாள் வெயிலில் தொங்கும்.
எண்ணூறு முடிச்சு, பல் துழாவும் கொக்கியால்.
அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

குட்டியானை வண்டியில், போர்வை சுற்றி,
காரைக்கால் தாண்டி நண்டலாறு செக்போஸ்ட்.
போர்வையை விலக்கிய போலீஸ்காரர்
தொப்பியைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் வியந்தார்.
பிறகு வழக்கமான கேள்வி:
"சரக்கு ஏதும் இருக்காம்மா?"
இரண்டு கையாலும் தூக்கி மெல்ல ஆட்டினார்.
அடியில் எங்கோ
கடகடவென்று ஒரு சின்னச் சத்தம்.

"என்னது அது?"

"ஒட்டாம விட்டுப்போன ஆள் ஒருத்தர்" என்றேன்.

சிரித்தார்.
தடுப்பைத் தூக்கச் சொன்னார்.